கத்தி பட்டால் பரவும் என்று அறுவையைத் தள்ளிவைக்கலாமா?

டர்பனுக்கு வடக்கே வசிக்கும் வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்கா வந்தவர். மாமனாருக்கு வயது 66, சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உண்டு. இன்னும் நாளுக்கு ஏழெட்டு சிகரெட் பிடிக்கிறார். சில மாதங்களாக மலத்தில் ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்து, களிம்பு போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். கொலனாஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தபோது பெருங்குடலின் கடைசி வளைவில் கட்டி இருப்பது தெரிந்தது. பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியானது. சிடி ஸ்கேனில் பக்கத்து நிணநீர் முடிச்சுகள் இரண்டு கொஞ்சம் பெரிதாகத் தெரிகின்றன. கல்லீரலிலும் நுரையீரலிலும் எதுவும் இல்லை. ஹீமோகுளோபின் 9.2. அறுவைக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

அந்த வாரம்தான் வாசகி, அறுவை சிகிச்சை நிபுணராகவும் ஆராய்ச்சியாளராகவும் இருக்கும் ஒருவருடைய ஆய்வைப் பற்றிப் படித்திருக்கிறார். அறுவைக்குப் பிறகு உடலில் எழும் அழற்சி (காயம்பட்டால் உடல் காட்டும் வீக்கம், சூடு போன்ற எதிர்வினை), புற்றுநோய் செல்கள் வேறு உறுப்பில் போய் ஒட்டிக்கொள்ள உதவுகிறது என்பது செய்தி. சாப்பிடும்போது அதை வீட்டில் சொல்லியிருக்கிறார். உடனே கணவரின் அத்தை, "நான் அப்பவே சொன்னேனே, கத்தி பட்டா பரவிடும்னு" என்றிருக்கிறார். 1989இல் மாமனாரின் அண்ணனுக்கு வயிற்றைத் திறந்து அறுவை நடந்ததையும், நாலே மாதத்தில் அவர் போய்விட்டதையும் அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. அறுவையை ரத்து செய்து ஐந்து வாரம் ஆகிறது. அழற்சியைக் குறைக்க தினமும் காலையில் ஒரு டிஸ்பிரின் (ஆஸ்பிரின் மாத்திரை), இரண்டு வேளை மஞ்சள் கேப்சூல் கொடுக்கிறார்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது வீட்டு முடிவு. மாமனாரிடம் "குடலில் புண்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

அறுவை செய்தால் பரவுமா, மாத்திரையிலேயே அழற்சியை அடக்க முடியாதா, தள்ளிப்போட்டால் மெடிக்கல் எய்ட் (இங்குள்ள மருத்துவக் காப்பீடு) பணம் தருமா, இதற்கான புது மருந்து ஆராய்ச்சியில் சேர முடியுமா என்று கேட்கிறார். கடைசி வரியில், "நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் அறுவை முடிந்திருக்குமே" என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் படித்தது பொய்ச் செய்தி இல்லை. படித்ததை வீட்டில் சொன்னதும் தப்பில்லை. ஆனால் செய்தி பாதியில் நின்றுவிட்டது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். அதைக் கேட்டால், அந்த ஆராய்ச்சி செய்தவர்களே உங்கள் மாமனாரைச் சீக்கிரம் அறுவைக்குப் போகச் சொல்வார்கள் என்பது உங்களுக்கே விளங்கும்.

அந்த ஆராய்ச்சி என்ன சொல்கிறது

புற்றுக்கட்டிக்குள் வெள்ளணுக்கள் கூட்டமாக இருப்பதை ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ 1863இலேயே கவனித்தார். பாஸ்டனைச் சேர்ந்த நோய்க்குறியியல் நிபுணர் ஹரால்ட் டிவோராக் 1986இல், கட்டி என்பது ஆறாத புண் என்று எழுதினார். காயம் ஆறுவதற்காக உடல் செய்யும் வேலைகளைத்தான் கட்டியும் பயன்படுத்திக்கொள்கிறது. புது ரத்தக்குழாய் வளர்வது, செல்கள் பெருகுவது, வெள்ளணுக்கள் வந்து குவிவது எல்லாம் இரண்டிலும் உண்டு. காயம் ஆறியதும் அந்த வேலை நின்றுவிடும். கட்டியில் நிற்காது.

அழற்சி புற்றுநோய் பரவ உதவுகிறதா என்ற கேள்வியை அண்மைக் காலத்தில் கையில் எடுத்தவர்களில் பலர் அறுவை சிகிச்சை நிபுணர்கள். மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் லொரென்சோ ஃபெர்ரி நெஞ்சறை அறுவை செய்பவர். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு, கிருமிகளைப் பிடிக்கத் தன் டிஎன்ஏ இழைகளையே வலையாக வெளியே வீசும். கிருமித்தொற்று உள்ள சுண்டெலிகளில், ரத்தத்தில் அலையும் புற்றுநோய் செல்களையும் அந்த வலை பிடித்து, கல்லீரலில் தங்கவைத்துவிடுகிறது என்று அவருடைய குழு 2013இல் காட்டியது. டிஎன்ஏவைக் கரைக்கும் நொதியைக் கொடுத்தபோது பரவல் குறைந்தது. கல்லீரல் அறுவை நிபுணரான ஆலன் சுங்கின் குழு 2016இல் மனிதர்களையும் பார்த்தது. குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, அதற்காக அறுவை செய்துகொண்டவர்களில், ரத்தத்தில் அந்த வலையின் தடயம் அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது. 2018இல் இன்னொரு குழு, அறுவைக் காயத்தால் எழும் அழற்சி, வேறிடத்தில் அடங்கிக் கிடந்த கட்டிகளைச் சுண்டெலிகளில் வளரவைப்பதைக் காட்டியது.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பெரும்பகுதி சுண்டெலிகளில் செய்தது. இரண்டு, இந்த அழற்சி புதிதாகப் புற்றுநோய் செல்லை உண்டாக்குவதில்லை. கட்டியிலிருந்து ஏற்கெனவே கிளம்பிப்போன செல்களுக்கு அது வழிவிடுகிறது. அந்தச் செல்கள் கிளம்பக் கத்தி தேவையில்லை. கட்டி இருக்கும் ஒவ்வொரு நாளும் அவை ரத்தத்தில் போய்க்கொண்டேதான் இருக்கும். மூன்று, அறுவையின் அழற்சி சில நாள் சமாச்சாரம். அறுவை செய்யும் நாங்கள் அதைத் தினமும் அளந்து பார்க்கிறோம். சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனை அறுவை முடிந்த இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்க வேண்டும். நான்காம் நாளும் 150க்கு மேலே நின்றால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வராது. காரணம், உள்ளே தைத்த இடத்தில் கசிவு இருக்கலாம்.

அந்தக் கசிவுதான் நீங்கள் படித்த ஆராய்ச்சிக்கும் உங்கள் மாமனாரின் வயிற்றுக்கும் உள்ள நேரடித் தொடர்பு. குடலை இணைத்த இடம் கசிந்து சீழ் பிடித்தவர்களுக்குப் புற்றுநோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. அதனால்தான் கட்டியை எடுத்து இரண்டு முனைகளையும் இணைத்த பிறகு, இடுப்புக்குழியில் உப்புநீரை ஊற்றி, ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்திப் பார்ப்போம். ஒரு குமிழி வந்தாலும் சரிசெய்யாமல் வயிற்றை மூடமாட்டோம். அழற்சியைப் பற்றிய இந்த அறிவு அறுவையைக் கைவிடுவதற்காக வந்தது இல்லை, சுத்தமாகவும் கசிவில்லாமலும் செய்வதற்காக வந்தது.

கட்டியைத் தொட்டால் செல் சிதறுமோ என்ற பயம் அறுவை செய்பவர்களுக்கே உண்டு. கிளீவ்லாந்தில் ரூபர்ட் டர்ன்புல் என்பவர், கட்டியைக் கையால் தொடும் முன்பே அதன் ரத்தக்குழாய்களைக் கட்டிவிடும் முறையை 1967இல் எழுதினார். பிற்காலத்தில் ஜப்பானில் அதை முறைப்படி வழக்கமான அறுவையோடு ஒப்பிட்டார்கள். கூடுதல் பலன் தெரியவில்லை. கவனமாகச் செய்த சாதாரண அறுவையே போதுமானதாக இருந்தது.

1989இல் நடந்தது

உங்கள் கணவரின் அத்தையை நான் குறை சொல்லமாட்டேன். அண்ணன் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனார், வயிற்றைத் திறந்தார்கள், நாலு மாதத்தில் போய்விட்டார். பார்த்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? அந்தக் காலத்தில் ஸ்கேன் வசதி இன்று போல எல்லா நோயாளிக்கும் கிடைக்கவில்லை. உள்ளே எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே பலருக்கு வயிற்றைத் திறந்தார்கள். கல்லீரல் முழுக்கப் பரவியிருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே மூடியதும் உண்டு. நோய் முற்றியதால் போனவர், கத்தியால் போனவராக வீட்டுக் கதையில் நின்றுவிடுகிறார். அவருடைய பழைய ரிப்போர்ட் இல்லாமல் அவர் விஷயத்தில் நடந்தது இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மாமனாரின் நிலைமை வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் திறப்பதற்கு முன்பே சிடி ஸ்கேன் சொல்லிவிட்டது. அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டுங்கள். கல்லீரல் சுத்தம் என்ற வரியை இரண்டு தரம் படியுங்கள்.

தள்ளிப்போட்டால் அழற்சி குறையுமா

குறையாது, கூடும். ஆறாத புண் உள்ளே இருக்கும்வரை அழற்சியும் இருக்கும், செல்களும் கிளம்பிக்கொண்டிருக்கும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, புற்றுநோய் அறுவை ஒவ்வொரு நான்கு வாரம் தள்ளும்போதும் இறப்பு அபாயம் சுமார் 6 முதல் 8 சதவீதம் கூடுவதைக் காட்டியது. அமெரிக்கக் கணக்குப்படி, பெருங்குடலோடு நின்ற புற்றுநோயில் ஐந்து ஆண்டு தாண்டுபவர்கள் ஏறத்தாழ 10க்கு 9 பேர். தூர உறுப்புக்குப் போய்விட்டால் 10க்கு 2 பேர்கூட இல்லை. உங்கள் மாமனார் இந்த இரண்டுக்கும் நடுவில், முதல் பக்கத்துக்குக் கிட்டே நிற்கிறார். போன ஐந்து வாரத்தால் எல்லாம் கைவிட்டுப் போய்விடவில்லை. இன்னும் மூன்று மாதம் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குடலின் அந்த வளைவு குறுகலானது. கட்டி வளர்ந்தால் அடைத்துக்கொள்ளும், சில சமயம் குடல் ஓட்டையாகிவிடும். அப்போது நடுராத்திரியில், தயாராக நேரமில்லாமல், சீழும் மலமும் கலந்த வயிற்றில் அவசர அறுவை செய்ய வேண்டிவரும். மலத்துக்கு வயிற்றில் பை வைக்க நேரலாம். உயிர் ஆபத்தும் பல மடங்கு. எந்த அழற்சிக்குப் பயந்து தள்ளிப்போடுகிறீர்களோ அது மிக மோசமாக வருவது இந்த வழியில்தான்.

ஆடிக்கூழ் விஷயத்தில் நான் நம்பிக்கைக்குக் குறுக்கே நிற்கவில்லை. இப்போதே அம்மனுக்கு வேண்டிக்கொண்டு அறுவைக்குப் போகட்டும். எல்லாம் நல்லபடியாக முடிந்தால், ஆடியில் கூழ் ஊற்றும்போது அவரே கூட இருக்கலாம்.

டிஸ்பிரினும் மஞ்சளும்

ஆஸ்பிரின் பேச்சும் காற்றில் வந்ததில்லை. ஸ்வீடனில் அன்னா மார்ட்லிங் என்ற குடல் அறுவை நிபுணரின் தலைமையில் நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் மூன்று ஆண்டு கொடுத்தார்கள். நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் அதில் மாத்திரை சாப்பிட்ட அத்தனை பேருக்கும் முதலில் அறுவை நடந்திருந்தது. அந்த மரபணு மாற்றமும் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல்தான் இருந்தது. மார்பகப் புற்றுநோயில் இதே ஆஸ்பிரினைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. வயதானவர்களுக்கு வெறும் முன்னெச்சரிக்கையாகக் கொடுத்த ஒரு பெரிய ஆய்வில், புற்றுநோய் மரணம் கூடவே செய்தது. ஒரே மாத்திரை, ஆளுக்கு ஆள் வேறு விளைவு.

உங்கள் மாமனாருக்குக் கட்டியிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, ஹீமோகுளோபின் 9.2தான். அவருக்கு வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பது ரத்தப்போக்கை அதிகமாக்கும். இதயத்துக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் இன்றே நிறுத்துங்கள். தலைவலிக்கு இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் கிராண்ட்பா பவுடரிலும் ஆஸ்பிரின் உண்டு, அதுவும் வேண்டாம். புரூஃபென் வகை வலி மாத்திரைகள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருடைய சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சில ஆய்வுகளில் அந்த வகை மருந்துகள் குடல் இணைப்புக் கசிவோடும் தொடர்புபடுகின்றன. குடல் ஒட்டி ஆறுவதற்குக் கொஞ்சம் அழற்சி வேண்டும். அதை முழுக்க அடக்கினால் நல்லது என்ற எண்ணம்தான் தவறு.

குழம்பில் போடும் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். கேப்சூல் வேறு விஷயம். அளவு அதிகம், ரத்தம் உறைவதைப் பாதிக்கலாம், அரிதாகக் கல்லீரலையும் தாக்குகிறது. நிறுத்திவிட்டு, சாப்பிட்ட விவரத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அழற்சியைக் குறைக்க நிஜமாகவே செய்யக்கூடியது

முதலில் சிகரெட். புகை பட்ட சுண்டெலிகளின் நுரையீரலில், அதே நியூட்ரோஃபில் வலைகள் தூங்கிக் கிடந்த புற்றுநோய் செல்களை எழுப்பிவிட்டதை நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் 2018இல் காட்டியது. அது இருக்கட்டும். புகைப்பவருக்குத் தையல் கசிவதும், நெஞ்சில் சளி கட்டுவதும், காயம் ஆறாமல் போவதும் நாங்கள் தினமும் பார்ப்பது. இன்று நிறுத்தினாலும் பலன் உண்டு. அடுத்து சர்க்கரை. கட்டுப்படாத சர்க்கரை தொற்றை வரவழைக்கும். இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றினால் ஹீமோகுளோபின் சில வாரத்தில் தேறும், அவருக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். தினமும் காலையும் மாலையும் மூச்சு கொஞ்சம் வாங்கும்படி நடக்கட்டும். முட்டை, மீன், பருப்பு என்று புரதம் கூடட்டும். நான்கு வாரம் இப்படி உடற்பயிற்சி, புரத உணவு, புகை நிறுத்தம் என்று தயார் செய்தவர்களுக்குக் கடுமையான சிக்கல்கள் குறைந்ததை 2023இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. ஆனால் இதைச் சாக்காக வைத்து அறுவையைத் தள்ளக் கூடாது. நாள் குறித்துக்கொண்டு, அதற்குள் செய்வது.

சர்ஜனிடம் கேளுங்கள்: சிறுதுளை முறையில் செய்ய முடியுமா? குடலைச் சுத்தம் செய்யும்போது ஆன்டிபயாடிக் மாத்திரையும் தருவீர்களா? எடுத்த கட்டியில் மரபணுப் பரிசோதனை செய்வீர்களா? கடைசிக் கேள்விக்கான பதில்தான் பின்னால் கீமோ, ஆஸ்பிரின் பற்றி முடிவெடுக்க உதவும்.

மெடிக்கல் எய்ட், ஆராய்ச்சி, அப்புறம் மாமனாரின் உரிமை

இங்கே சட்டப்படி ஒவ்வொரு மெடிக்கல் எய்டும் தர வேண்டிய அடிப்படைப் பலன்கள் உண்டு, பிஎம்பி என்பார்கள். குணப்படுத்தக்கூடிய உறுப்புப் புற்றுநோய் அதில் வருகிறது. குணப்படுத்தக்கூடியது என்பதற்கு விதிகள் வைத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்று, தூர உறுப்புக்குப் பரவியதற்கான அறிகுறி இல்லாமல் இருப்பது. இன்றைய ஸ்கேன்படி அவர் அதற்குள் வருகிறார். நோய் பரவிவிட்டால் விதியைக் காட்டி வாதாட வேண்டிய நிலை வரலாம். திட்டம் குறிப்பிட்டிருக்கும் ஆஸ்பத்திரியில் செய்தால் முழுச் செலவையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முன் அனுமதி வாங்கும்போது நோயின் குறியீட்டு எண்ணோடு, இது பிஎம்பி என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

ஆராய்ச்சியைப் பொறுத்தவரை, நியூட்ரோஃபில் வலையைக் கரைக்கும் மருந்து இன்று குடல் அறுவைக்கு வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. அப்படியொன்றை விற்பதாக யாராவது வந்தால் நம்பாதீர்கள். முறையான ஆய்வு என்றால் அறநெறிக் குழுவின் அனுமதி இருக்கும், எழுத்தில் விளக்கம் தருவார்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். எந்த ஆய்வுக்காகவும் இந்த அறுவையைக் காக்கவைக்க வேண்டாம்.

நான் மென்மையாக ஆனால் உறுதியாக மறுக்கும் ஒன்று இருக்கிறது. அவருடைய உடம்பைப் பற்றி அவரைத் தவிர எல்லோரும் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், நோயின் நிலை, சிகிச்சை வழிகள், அவற்றின் பலன், ஆபத்து, செலவு எல்லாவற்றையும் நோயாளியிடமே சொல்லச் சொல்கிறது. முடிந்தவரை அவருக்குப் புரியும் மொழியில். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு, ஆனால் தெரிந்து சொல்ல வேண்டும். புண் என்று நம்பிக்கொண்டிருப்பவர் சிகரெட்டை ஏன் விடப்போகிறார்? அவர் மனசு தாங்காது என்கிறீர்கள். என் அனுபவத்தில், வீட்டில் எல்லோரும் குசுகுசுப்பதைப் பார்த்து நோயாளிகள் பாதி ஊகித்திருப்பார்கள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அது புற்றுநோய், ஆனா இன்னும் கல்லீரலுக்குப் போகல, எடுத்துடலாம்னு சொல்றாங்க" என்று சொல்லட்டும். பதில் சொல்ல அவருக்கு நேரம் கொடுங்கள். அவரே கேள்வி கேட்பார். தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

நாளைக் காலையிலேயே அறுவைப் பிரிவுக்குப் போன் செய்து நாள் கேளுங்கள். ரத்து செய்ததற்காகத் தயங்க வேண்டாம், எங்களுக்கு அது புதிதில்லை. அந்த சர்ஜன் மீது நம்பிக்கை வரவில்லை என்றால் இரண்டாவது கருத்து கேளுங்கள், ரிப்போர்ட் நகல்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை இந்த இரண்டு வாரத்துக்குள் முடியுங்கள். ஸ்கேன் பழசாகிவிட்டதால் மறுபடி எடுக்கச் சொல்லலாம். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மருந்தையும், மஞ்சள் கேப்சூல் டப்பா உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். இடையில் வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றோ மலமோ போகாமல் நின்றாலும், திடீரென்று கடும் வயிற்றுவலி வந்தாலும், ரத்தம் அதிகமாகப் போய் தலை சுற்றினாலும், குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.